முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை

கட்டைவிரல் பட்டனிலேயே இருக்கிறது, அழுத்துகிறான், ஒன்றுமில்லை, செல்ஃப் ஒரு முனகல்கூடப் போடவில்லை, கிக்கரை உதைக்கிறான், உதைத்து உதைத்துப் புது வேட்டிக் கரை கிரீஸாகிப் போயிற்று, எட்டு நாள் பட்டறையில் கிடந்து இன்ஜினைப் பிரித்துக் கோத்த வண்டி, நேற்றுச் சாயங்காலம் ஜம்மென்று ஓடிவந்த வண்டி, மற்ற நாளெல்லாம் விட்டுவிட்டு இன்றைக்குப் பிணமாக நிற்கிறது. வெயிலுமுத்துவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைத் தூக்கிக் கண்மாயில் போட்டிருப்பான், ஆனால் இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில், தங்கச்சி முத்துச்செல்வியின் மகளுக்குக் காதுகுத்து. அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு இவன் ஒருவன்தான், தாய்மாமன், இவன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும், இவன் வாங்கிய கம்மல்தான் ஏற வேண்டும், கம்மல் சட்டைப்பையில் இருக்கிறது, இவன் இங்கே நிற்கிறான். ஏழரை பஸ்ஸை வேண்டுமென்றேதான் விட்டான், மாப்பிள்ளை கண் முன்னால் வண்டியில் போய் இறங்க வேண்டும், அதற்காகத்தானே விடிந்ததும் வண்டியைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டிலின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகச் செவ்வந்தி மாலையை இழுத்துக் கட்டினான்.

மெக்கானிக் ஜெயசீலனுக்குப் போன் போட்டான், ஏலே, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா, என்னத்தலே கோத்துக் குடுத்தே. அண்ணே, நேத்து ஓட்டிக்கிட்டுத்தானே போனிய, கைப்பிடிகிட்டச் செவப்பா ஒரு... செவப்பாவது கறுப்பாவது, வாய மூடுலே, என்று கத்திப் போனை அணைத்தான். திரும்பத் திரும்ப அடித்தது, எடுக்கவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தான், பேட்டரி வயரை முறுக்கினான், ஃபியூஸை வெயிலில் தூக்கிப் பார்த்தான், எல்லாம் சரி, எல்லாம் சரியாக இருப்பதுதான் எரிச்சலை இன்னும் கிளப்பியது. பக்கத்து வீட்டுச் சுடலை வந்து, எண்ணே, என் மொபெட்ட எடுத்துக்கிட்டுப் போங்களேன் என்றான். போய்யா, உன் டப்பாவுல அந்த ஆளு முன்னாடி போய் நிக்கவா, என்று அவன்மேலும் விழுந்தான்.

அந்த ஆளுதான், தங்கச்சி புருஷன்தான் எல்லாவற்றுக்கும் காரணம், புதுவீடு பால்காய்ச்சுக்குப் போன இவனை, மச்சான் கொஞ்சம் பொறுங்க, அடுத்த பந்தியில உக்காரலாம் என்று கையைப் பிடித்து எழுப்பியவன், இவன் எழுந்தவன் எழுந்தவன்தான், அதோடு முத்துச்செல்வியின் வளைகாப்புக்குப் போகவில்லை. அண்ணே, எங்க வாரே, எல்லாரும் கேக்காவ என்று அவள் போனில் கேட்டபோது, வண்டி ஸ்டார்ட் ஆகல தங்கச்சி என்றான், டீக்கடைக்குப் போய்விட்டு வந்த சூடு ஆறாமல் வண்டி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது, பிறந்த வீட்டு வளையல் இல்லாமலே அவளுக்கு வளைகாப்பு நடந்தது. மூன்று வருஷம் பேச்சில்லை, போன மாதம் அவளாகத்தான் பத்திரிகையோடு வந்தாள்.

இப்போது போன் அடிக்கிறது, அவள்தான், மணி ஒன்பதே முக்கால், அண்ணே, எங்க இருக்கே, ஆசாரி வந்து உக்காந்திருக்காரு. வண்டி ஸ்டார்ட் ஆகல தங்கச்சி, சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டான், அந்தப் பக்கம் மேளம் மட்டும் கேட்டது, சத்தியமாச் சொல்லுதேன், இன்னைக்கு நெசமாவே ஆகல என்று இவன் கத்தியபோது அவள் போனை வைத்துவிட்டிருந்தாள்.

கொலைவெறியில் மாலையைப் பிடித்து இழுத்தான், பூ உதிர்ந்தது, கைப்பிடியில் சுற்றியிருந்த நார் அறுந்தது, அதற்கடியில் இருந்தது அந்தச் சிவப்பு சுவிட்ச், இன்ஜினை அணைக்கிற சுவிட்ச், பத்து வருஷத்தில் இவன் ஒரு தடவைகூடத் தொடாதது, நாரை இறுக்கிக் கட்டிய முடிச்சு அதை நகர்த்தி அணைத்து வைத்திருந்தது. கட்டியது எவன், இவன். ஜெயசீலன் சொல்ல வந்ததைக் கேட்காதவன் எவன், இவனேதான். தள்ளிவிட்டு அழுத்தினான், வண்டி ஒரே அழுத்தில் பிடித்துக்கொண்டது, அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்கச் செருப்பால் அடித்தது போலிருந்தது.

மணி பத்தாகிறது, ரோடு முழுக்கக் குழி, கரிசல் காடு ரெண்டு பக்கமும் ஓடுகிறது, பின்னால் முத்துச்செல்வி இரட்டைச் சடையோடு உட்கார்ந்து முதுகில் குத்துகிறாள், சீக்கிரம் போண்ணே, பரீட்சைக்கு மணி அடிச்சிரும், இந்தா போயிட்டோம்ட்டி, இந்தா போயிட்டோம், அன்றைக்குச் சொன்னானா இப்போது சொல்கிறானா, திரும்பிப் பார்த்தால் யாருமில்லை, கண்ணில் தூசி.

கோயிலில் மணி பத்தே முக்கால். மாப்பிள்ளையின் அண்ணன் மடியில் பிள்ளை அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தது, ரெண்டு காதிலும் வேறு யாரோ வாங்கிய கம்மல். பத்து இருபத்தஞ்சு வரைக்கும் பாத்தோம் மச்சான் என்றார் மாப்பிள்ளை, அந்தக் குரலில் குத்தல்கூட இல்லை, இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். முத்துச்செல்வி இவன் வேட்டியிலிருந்த கிரீஸைப் பார்த்தாள், நம்பினாளா தெரியவில்லை. இவன் கம்மல் டப்பாவை நீட்டினான். அவள் வாங்கவில்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, காதுல ஓட்டை ரெண்டுதாண்ணே, ரெண்டும் ஆயிப் போச்சு, நீ சாப்பிட்டுட்டுப் போ, மொதப் பந்தியிலேயே உனக்கு எடம் போட்டிருக்கு, என்றாள்.