உறவினருக்கு அறிவுறுத்தப்பட்டது

1

அது திங்கட்கிழமையா சனிக்கிழமையா என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஞாபகமிருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது.

அப்பா கிறகோரி குருநகரில் கடல்தொழில் செய்தவர். பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தார். பக்கத்தில் நான் இருந்தேன். இரண்டாம் வாரம் அவருடைய இடுப்புக்குக் கீழே ஓரிடம் சிவந்தது. நான் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் போட்டுத் தினமும் அந்த இடத்தைத் தேய்த்தேன். வெள்ளிக்கிழமை அது புண்ணாகத் திறந்தது.

சிவந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது என்று ஜெயனி என்ற தாதி என்னிடம் சொன்னார். திங்கட்கிழமை சொல்லியிருந்தால், தெரிந்தே செய்தவன் நான். சனிக்கிழமை சொல்லியிருந்தால், தெரியாமல் செய்தவன். கதை இவ்வளவுதான்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "சன்னலுக்கு வெளியே வேப்பமரம் மெல்ல"

(வெட்டிவிட்டேன். அந்தச் சன்னலால் தெரிந்தது தண்ணீர்த்தாங்கியும் காயப்போட்ட படுக்கை விரிப்புகளும்.)

இரண்டாவது: "ஆராய்ச்சிக் கட்டுரைகளை வாசிக்கும்போது ஜெயனியின் கண்கள்"

(இதுவும் நின்றுவிட்டது. அவர் கைபேசியில் வாசிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். கண்களை நான் கவனிக்கவில்லை.)

3

ஜெயனி பண்டத்தரிப்பிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருபவர். வேலை இல்லாத நேரங்களில் பட்டப்படிப்பு. படிப்புக்காகப் படுக்கைப்புண் பற்றிய ஆய்வுகளைத் தேடி வாசித்தபோதுதான், தங்கள் வாட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் முதுகுத் தேய்ப்பு சிவந்த இடத்துக்கு ஆகாது என்று கண்டார். அதைச் சொல்லிக்கொடுத்தவர் பொறுப்புத் தாதி செபஸ்தியம்மா. எனக்கும் அவர்தான் கையைப் பிடித்துக் காட்டினார். வட்டமாகத் தேய்த்தால் ரத்தம் ஓடுமாம். அவரைக் கெட்டவராக எழுதினால் கதை சுலபமாகிவிடும். ஆனால் வாங்க வசதியில்லாதவர்களுக்குத் தன் வீட்டிலிருந்து ஓடிக்கொலோன் போத்தல் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்.*

ஜெயனி கட்டுரைகளை அச்செடுத்துக்கொண்டுபோய் அவரிடம் நீட்டினார். செபஸ்தியம்மா கண்ணாடியைப் போட்டுக் கடைசிப் பக்கம்வரை வாசித்தாராம். பிறகு கேட்டாராம்:

"பிள்ளை, உந்தக் கடுதாசி வந்து ஆளைப் பிரட்டி விடுமோ? முப்பத்தாறு கட்டிலுக்கு ரெண்டு பேர் நிக்கிறம். தேய்க்கிற சாட்டிலையாவது சனம் அந்த மனுசரை ஒருக்காத் திருப்பிப் பாக்குது. அதையும் நிப்பாட்டட்டோ?"

மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வரட்டும் என்று முடிவானது. கட்டுரைகள் அவருடைய பைக்குள் போயின.

* இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன்.

4

நான் எழுதியது இப்படி: திங்கட்கிழமை சேலைன் மாற்றும்போது ஜெயனி குனிந்து, சிவந்த இடத்தில் கை வைக்க வேண்டாம், பக்கம் மாற்றிவிட்டால் போதும் என்றார். நான் தலையாட்டினேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் திரும்பவும் தேய்த்தேன். அப்பாவும் நானும் அதிகம் கதைத்தவர்கள் இல்லை. தேய்க்கும்போது மட்டும் அவர் 'ம்' என்பார். அதை விட மனம் வரவில்லை.

அப்பா இறந்து எட்டு மாதத்துக்குப் பிறகு, ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச்சாலையில் இதை ஜெயனியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"திங்கட்கிழமை நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. செபஸ்தியம்மா சிஸ்ரருக்குப் பயத்திலை வாயைப் பொத்திக்கொண்டு திரிஞ்சனான். புண் வந்தாப் பிறகுதான் சொன்னனான்."

"எனக்கு ஞாபகம் இருக்கு மிஸ்."

"பழியை நீங்களே தூக்கவேணுமெண்டு ஆசை. அதுதான் ஞாபகம் இருக்கு."

அன்றைய குறிப்பில் ஏதாவது எழுதியிருக்குமே என்று கேட்டேன். அவர் சிரித்தார். இருக்கிறதாம். திங்கட்கிழமைத் தாளில் 'உறவினருக்கு அறிவுறுத்தப்பட்டது' என்று அவருடைய கையெழுத்திலேயே இருக்கிறதாம். ஞாயிறும் இருக்கிறதாம். செவ்வாயும், அப்பாவைச் சேர்த்த முதல் நாளும்.

"அது வேலைக்கு ஏறின உடனை முப்பத்தாறு கட்டிலுக்கும் ஒண்டா எழுதுறது. எழுதாட்டிக் கேள்வி வரும்."

5

கேட்கக்கூடாததைக் கடைசியில் கேட்டேன். நான் தேய்த்ததாலா?

அவர் நான் எழுதிய தாள்களை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார்.

"ஆராய்ச்சி நூறு பேரைப் பற்றிச் சொல்லும் அண்ணை. தேய்க்காமல் விடுறது நல்லமெண்டு சொல்லும். உங்கடை அப்பாவுக்கு எதாலை வந்ததெண்டு அது சொல்லாது. எனக்கும் தெரியாது."

(முடிவு ஒன்று: அவர் சொன்னார், நான் கேட்கவில்லை. முடிவு இரண்டு: அவருக்குத் தெரியும், சொல்லவில்லை. முடிவு மூன்று: யார் சொல்லியும் முப்பத்தாறு கட்டிலுக்கு இரண்டு பேர்தான். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் வெள்ளிக்கிழமை வந்தது. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிவு செய்யக் களைப்பாக இருக்கிறது.)

6

நடந்தவை: அப்பாவின் மரண அத்தாட்சியில் நியூமோனியா என்று இருக்கிறது. புண்ணைப் பற்றி ஒன்றுமில்லை. செபஸ்தியம்மா ஓய்வுபெற்று மகளோடு இருக்கிறார். சுற்றறிக்கை இன்னும் வரவில்லை. ஜெயனி பட்டம் முடித்து வேறு வாட்டுக்கு மாறிவிட்டார். அங்கே ஒவ்வொரு கட்டிலடியிலும் நின்று, தேய்க்க வேண்டாம் என்று தன் வாயாலேயே சொல்கிறாராம். என்னுடைய அம்மா லூர்த்தம்மா மாசி மாதத்திலிருந்து படுக்கையில். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிடுகிறேன். முதுகைக் கொஞ்சம் தேய்த்துவிடச் சொல்லி அவ கேட்கிறா. நான் தேய்ப்பதில்லை.