டெக்சாஸுக்கு ஒரு அடாப்டர்

போட்டோவுல மூக்கு இம்புட்டு நீளமா இல்லையே. கடலுக்கு முன்னாடி நிக்க வச்சு எடுத்தா மூக்கு சின்னதாயிருமா என்ன? ஆனா ஆளு அவருதான். பக்கத்துல பச்சைப் பட்டுல வர்றது அவுக அம்மா. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வீட்டுக்கு வர வேண்டியவுக, புதன்கிழமையே கடைக்கு வந்துட்டாக. ஆத்தாடி, கனகு, உன்னைய வேவு பாக்கல்ல வந்துருக்காக.

கனகலட்சுமி முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "வாங்கம்மா, வாங்க சார், என்ன பாக்குறீங்க?" என்றாள், காலையிலிருந்து இருபது பேரிடம் கேட்ட அதே குரலில்.

டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்சந்தில் இருந்த அந்த எலெக்ட்ரிக்கல் கடை ரயில் பெட்டியைப் போல நீளம். ஒரு பக்கம் முழுக்க மார்பளவு உயரத்தில் கவுன்ட்டர். அதற்குள்ளே சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து, குதிகாலால் தரையை ஓர் உந்து உந்தி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டுகொண்டிருப்பாள் கனகலட்சுமி. ஒன்பது வருடமாக வெளிநாட்டு அடாப்டர்கள் எல்லாம் அவள் பொறுப்பு. சென்னையைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் உலகம் அவளுக்குச் சுவரிலுள்ள ஓட்டைகளாகத் தெரியும். சிங்கப்பூருக்கு மூன்று சதுரம். ஜெர்மனிக்கு இரண்டு வட்டம். அமெரிக்காவுக்கு நேராக நிற்கும் இரண்டு பட்டைகள். ஆஸ்திரேலியாவுக்கு அதே பட்டைகள் சாய்ந்திருக்கும், எதற்கோ வருத்தப்படுகிற புருவங்களைப் போல.

வந்திருந்த அசோக்குமாருக்கு ஆஸ்திரேலியாவில்தான் வேலை. பெர்த்தில், ஒரு சுரங்கக் கம்பெனியில், நாலு வருடமாக. முப்பத்தொரு வயதில் அவளுக்கு வந்திருக்கும் ஏழாவது வரன் அவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் அலங்காநல்லூர் ரோட்டில் கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கப்போய் ஸ்கூட்டரோடு விழுந்ததில், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். ஆறு மாதம் கம்பு ஊன்றி நடந்தாள். பிறகு சரியாகிவிட்டது. போன மாதம்கூட வீட்டுக்குப் பக்கத்தில், கீழக்குயில்குடியில், சமணர் மலை உச்சிவரை ஏறி இறங்கினாள். ஆனால் கம்பு ஊன்றிய ஆறு மாதத்தைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருந்தது. கடைசியாக வந்த இரண்டு வரன்களும் அதனாலேயே நின்றுபோயின.

இந்த வரன் நிற்கக் கூடாது என்று அவள் உள்ளுக்குள் ஆசைப்பட்டாள். காரணத்தை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் சம்பளமோ முகமோ அல்ல காரணம். அடாப்டரே தேவைப்படாத ஒரு வீட்டில், அந்தச் சாய்ந்த பின்களை நேராகச் சுவரில் செருகிப் பார்க்க வேண்டும். இதைப்போய் யாரிடம் சொல்வது?

"வெளிநாடு போறோம்மா," என்றார் அந்த அம்மா. மலையம்மாள் என்று ஜாதக உறையில் பெயர் போட்டிருந்தது, அசோக்குமார் ஒரே பிள்ளை என்றும். "நம்மூரு பிளக்கு அங்கிட்டுச் சேராதாம்ல. அதான் ஏதோ வாங்கணுமாம்."

"எந்த நாட்டுக்கும்மா?"

மலையம்மாள் மகனைப் பார்த்தார். ஆஸ்திரேலியா என்றால் குட்டு உடைந்துவிடும். அந்தப் பதற்றத்தைக் கனகலட்சுமி ஒரு மிட்டாயைப் போல மெதுவாகச் சுவைத்தாள்.

"அமெரிக்கா," என்றார் மலையம்மாள்.

"டெக்சாஸ்," என்று அசோக்குமார் சேர்த்துக்கொண்டான். சொன்ன வேகத்திலேயே அவனுக்கு வியர்த்தது.

"அப்படியா, நல்லதும்மா. யாரு இருக்கா அங்க?"

"மக இருக்கா. பேறுகாலத்துக்குப் போறேன்."

"எத்தனை மாசம்?"

"ஏழு," என்றார் மலையம்மாள்.

"எட்டு," என்றான் அசோக்குமார், அதே நேரத்தில்.

"ஏழு முடிஞ்சு எட்டு," என்று கனகலட்சுமியே சமாதானம் செய்துவைத்து, ஓர் உந்தில் உருண்டுபோய், நேர்ப்பட்டையும் மற்றவையும் கலந்து ஒரு கை அடாப்டர்களை அள்ளிக்கொண்டு உருண்டு வந்தாள். "பேறுகாலம்னா மிக்ஸி கொண்டு போவீங்கள்லம்மா? எல்லாரும் செய்ற தப்பு அதுதான். இந்த அடாப்டர் ஓட்டையத்தான் மாத்தும், கரண்ட மாத்தாது. நமக்கு எரநூத்தி முப்பது வோல்ட்டு, அவுங்களுக்கு நூத்தி இருவது. நம்ம மிக்ஸி அங்க போனா பச்சப்புள்ள மாதிரி தவழும். சட்னி அரையாது."

"மிக்ஸியெல்லாம் வேணாம்மா…"

"பின்ன பேறுகால மருந்த எதுல அரைப்பீங்க? சார், உங்க காலுகிட்ட கீழ் தட்டுல ஒரு கறுப்புப் பெட்டி இருக்கு பாருங்க. வோல்ட்ட ஏத்திக் குடுக்குற பெட்டி. கொஞ்சம் தூக்கி மேல வைங்க. அம்மா பாக்கட்டும்."

அசோக்குமார் குனிந்து, முக்கி, ஆறு கிலோவையும் கவுன்ட்டரில் வைத்தான். இல்லாத அக்காவின் பிறக்காத பிள்ளைக்காக இவ்வளவு பாரம் சுமக்கிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. சிரிப்பை அடக்க, பெட்டியின் பின்பக்க எழுத்துகளைப் படிப்பதைப் போலக் குனிந்துகொண்டாள்.

மலையம்மாளின் கண் பெட்டியில் இல்லை. "அந்தா, அந்தக் கோடியில தொங்குதே, அது என்னம்மா? கொண்டாயேன், பாப்போம்."

உருண்டு போனாள். உருண்டு வந்தாள். "சூட்கேஸ் பூட்டும்மா."

"அதுக்கு மேல, உசரத்துல?"

கொக்கி மாட்டிய கம்பால் உட்கார்ந்தபடியே இறக்கினாள். "கொசு பேட்டு. விமானத்துல விட மாட்டாக."

"இந்தப் பக்கத்துல?"

மறுபடியும் சக்கரம். மலையம்மாள் கவுன்ட்டரைப் பிடித்து நுனிக்காலில் எம்பி உள்ளே எட்டிப் பார்த்தார். அப்போதுதான் கனகலட்சுமிக்கு விளங்கியது. முகத்தைப் பார்க்க வரவில்லை. வந்ததிலிருந்து அந்த அம்மா அவள் முகத்தை இரண்டு முறைக்கு மேல் பார்க்கவே இல்லை. காலைப் பார்க்க வந்திருக்கிறார்கள்.

உள்ளே ஏதோ ஓர் இடத்தில் குளிர்ந்துபோனது. ஆனால் குறும்பும் அதே இடத்திலிருந்துதான் கிளம்பியது. எழுந்து நின்றால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முடியட்டுமே, ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். விளையாட்டுக்குத்தான் என்று பதில் வந்தது. அவள் அதை முழுதாக நம்பவில்லை. யாராவது உற்றுப் பார்த்தால் அவள் காலுக்கு நடக்க மறந்துபோகும், அது அவளுக்குத் தெரியும். காபித் தட்டோடு கூடத்தில் நடந்த ஒவ்வொரு முறையும், எந்தக் காலை முதலில் எடுத்துவைப்பது என்று யோசித்து யோசித்தே நடந்திருக்கிறாள். அப்படியானால் இது பயமா?

"ஏம்மா, நீ எந்திரிக்கவே மாட்டியா?" மலையம்மாளின் குரலில் பொறுமை தேய்ந்திருந்தது.

"கடையோட நீளத்தப் பாத்தீங்களா? நடக்க ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள டி. கல்லுப்பட்டியே போய்ச் சேந்துரலாம்."

அசோக்குமார் சிரித்துவிட்டான். அம்மா முறைக்கவும் சிரிப்பை மறைக்க அடாப்டர் குவியலுக்குள் கைவிட்டான். அவன் யோசிக்காமலே, நேர்ப்பட்டைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, விரல்கள் சாய்ந்த பட்டை அடாப்டர் ஒன்றை எடுத்து, அதன் நுனிகளைப் பழகியதைப் போலத் தடவின.

"அது டெக்சாஸுக்குச் சேராது சார்," என்றாள் கனகலட்சுமி. "பெர்த்துக்குப் போறவங்கதான் அதைக் கேப்பாங்க."

சுட்டுவிட்டதைப் போல அதைக் கீழே போட்டான். காது மடல் இரண்டும் சிவந்தன.

அம்மா காதில் விழவில்லை. அவர் ஏற்கெனவே அடுத்த வழியைக் கண்டுபிடித்திருந்தார். வாசலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முதலாளி ஞானமுத்துவை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"தெரிஞ்சுபோச்சா?" என்றான் அசோக்குமார், மெல்ல.

"படியேறி வரையிலேயே தெரியும்."

"அப்புறம் ஏன் அந்தப் பெட்டியத் தூக்க விட்டீங்க?"

"எட்டு மாசக் கர்ப்பிணிக்கு ஒரு உதவி செய்ய மாட்டீங்களா?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தோள் குலுங்கியது. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. இப்படிச் சிரிக்கிறவனோடு, சாய்ந்த ஓட்டைகள் உள்ள ஒரு சமையலறையில், பகலெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு இருக்கலாம். இப்போது அவன் வாசலைப் பார்த்து, 'போதும்மா, கெளம்புவோம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவனுக்காக அந்தச் சொல்லை அவள் மனதுக்குள் ஒருமுறை சொல்லியே பார்த்துவிட்டாள்.

வாசலில் மலையம்மாள் குரலைத் தாழ்த்தியிருந்தார். தாழ்த்தியும் கடை முழுக்கக் கேட்டது. "சார், தப்பா நெனைக்காதீக. அந்தப் புள்ளைக்குக் காலு…"

பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஞானமுத்து பேப்பரை மடிக்காமலே சொன்னார். "எனக்குத் தெரிஞ்சு ரெண்டும்மா."

"அது தெரியும் சார். நடக்குமான்னு…"

"தெனமும் வேலைக்கு வருது. பறந்து வந்த மாதிரித் தெரியல."

இந்த முறை கனகலட்சுமியும் அசோக்குமாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரித்தார்கள். பிறகு அவன் கவுன்ட்டரில் கொஞ்சம் சாய்ந்துகொண்டான். குரல் மாறியிருந்தது.

"அம்மா மனசுல யாரோ எதையோ போட்டுட்டாங்க. நான் நம்பல. சத்தியமா நம்பல."

அவள் ஸ்டூலை ஒரு சாண் முன்னால் நகர்த்தினாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. போட்டோவுல பாத்ததவிட இப்ப ரொம்பவே பிடிச்சிருக்கு. அம்மா சரின்னு சொல்லிட்டா, ஞாயித்துக்கிழமையே பூ வச்சிரலாம். ஒண்ணே ஒண்ணு. கவுன்ட்டர் கதவத் திறந்து வெளிய வந்து, வாசல் வரைக்கும் ஒரு தடவ நடந்துருங்க. அம்மா பாத்துட்டா நிம்மதியாயிருவாங்க. பத்து அடிதான்."

பத்து அடியா? பன்னிரண்டு இருக்கும் என்று அவள் மனம் உடனே அளந்தது. பன்னிரண்டு அடிக்கு அந்தப் பக்கம் பெர்த் இருந்தது. வீட்டில் ஜோசியக்காரர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும் அம்மாவின் நிம்மதி இருந்தது. அவளுக்குப் பிடித்துப்போன அந்தச் சிரிப்பும் இருந்தது. கால் தயாராகத்தான் இருந்தது, குதிகால் தரையில் அழுந்தி. அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள், பயம் இருக்கிறதா என்று. ஆச்சரியமாக, இல்லை. இன்றைக்கு நடந்தால் நன்றாகவே நடப்பாள். மலையேறுகிறவளைப் போல நடப்பாள். மலையம்மாள் வாயைப் பிளந்துவிடுவார்.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள்.

"கேளுங்க."

"நான் நடக்கையில ஒரு காலு கொஞ்சம் இழுத்துச்சுன்னு வைங்க. அப்ப?"

 அவன் கவுன்ட்டரில் கிடந்த அடாப்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினான். அவன் கெட்டவனில்லை. பொய் சொல்லக்கூட அவனுக்கு வரவில்லை. டெக்சாஸிலேயே அது தெரிந்துவிட்டது.

"அப்ப…" என்றான். "அப்ப வீட்ல பேசிப் பாக்கணும்."

"ம்."

"ஆனா அப்படி ஒண்ணும் இல்லைல்ல? அதான் சொல்றேன். உங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னா நடந்து காட்டுறதுல என்ன இருக்கு?"

மலையம்மாள் வாசலிலிருந்து திரும்பி நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கண்கள் கவுன்ட்டர் முடிகிற இடத்தில், வெளியே வருகிற அந்தச் சின்னக் கதவில் இருந்தன. ஞானமுத்துகூடப் பேப்பரைக் கொஞ்சம் இறக்கியிருந்தார்.

"வாம்மா," என்றார் மலையம்மாள். குரல் இப்போது மெத்தென்று இருந்தது. "எங்கள வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பி வைக்க மாட்டியா?"

அசோக்குமார் நம்பிக்கையோடு அவளைப் பார்த்தான்.

கனகலட்சுமி கறுப்புப் பெட்டியைத் தன் பக்கம் மெல்ல இழுத்துக்கொண்டு அதன்மேல் கையை வைத்தாள்.

"இல்லம்மா," என்றாள். "நான் உக்காந்தே இருக்கேன்."