வண்டிக்குப் பின்னால்

தாடை கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. கெசாயா துணியை இறுக்கி, செத்துக் கிடந்த கிழவரின் உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். கறுப்பர்களை வாங்கவும் விற்கவும் ஆண்டவனே உரிமை கொடுத்திருக்கிறான், அதற்காக அமெரிக்காவை விட்டு ஜார்ஜியா பிரிந்தே ஆக வேண்டும் என்று கோர்ட்டு வாசலில் பொழுது சாயும்வரை முழங்கிய வாய் அது. பிரிந்துபோன நாட்டின் நாடாளுமன்றத்திலும் முழங்கியது. போரில் தோற்று, மன்னிப்பு வாங்கி, பழைய கோர்ட்டுக்கே வக்கீலாகத் திரும்பிய பிறகும் ஓயவில்லை. இப்போது ஒரு முழத் துணிக்கு அடங்கிவிட்டது.

கை விறைத்திருந்ததால் கோட்டின் முதுகைக் கத்தரித்துத்தான் மாட்ட முடிந்தது. முன்னாலிருந்து பார்த்தால் லியோனிடஸ் டார்வர் குறையொன்றுமில்லாத கனவான்.

அவர் மகள் அகஸ்டா, கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரனோடு வந்தாள்.

"இதக் கட்டிக்க, கெசாயா. சவ வண்டிக்குப் பின்னால நீ நடந்து வரணும். விசுவாசமான பழைய வேலைக்காரி வர்றான்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

"உசுரு இருக்குன்னு சொன்னதாலதாம்மா ஓடி வந்தேன். எங்கம்மாவ எந்த ஊருக்கு வித்தாருன்னு கடைசியா ஒருவாட்டி கேக்கலாம்னு."

"அதெல்லாம் அவருக்கு எங்க ஞாபகம் இருக்கும்?"

"கோர்ட்டு வாசல்ல பேசினத மட்டும் வரி பிசகாம சொல்லுவாரே. உங்களுக்காவது தெரியுமா?"

"எனக்கு அப்ப சின்ன வயசு."

"எனக்குந்தாம்மா."

அகஸ்டா ஏப்ரனைக் கட்டிலில் வைத்தாள். "எங்கப்பா உன்ன ஒரு குறையும் இல்லாமத்தான வச்சிருந்தாரு."

"யாரோட அப்பா?"

அகஸ்டாவின் இடது புருவம் மட்டும் மேலே ஏறியது. கெசாயாவுக்கும் அப்படித்தான் ஏறும். கட்டிலில் கிடந்தவரின் புருவமும் அதே வளைவு. ஊரே பார்த்தது, யாரும் வாய் திறக்காதது.

"நேரமாகுது," என்று அகஸ்டா ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். "கட்டிக்கிட்டு வா."

விற்றவருக்குப் பளிங்கில் கல்லறை தயாராக நிற்கிறது. விற்கப்பட்டவள் எந்த மண்ணில் கிடக்கிறாளோ, சொல்ல ஒருவரும் இல்லை. கெசாயா பிணத்தைக் குளிப்பாட்டிய தண்ணீரைக் கொல்லையில் விசிறிக் கொட்டினாள்.

தோற்ற நாட்டின் கொடி போர்த்திய பெட்டியை ஏற்றினார்கள். பாதிரியார் கை காட்ட, குதிரைகள் அசைந்தன. முகத்திரைக்குள்ளிருந்து அகஸ்டா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கேட் கம்பியில் ஏப்ரன் மடிப்புக் கலையாமல் தொங்கியது.

வண்டிக்குப் பின்னால் ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். கல்லறைவரை அந்த இடம் காலியாகவே போனது.