ஜோசியக்காரியின் திருத்தம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஜோசியக்காரி என்று பெயர். கதவில் மரபணு ஆலோசகர் என்ற பலகை தொங்கினால் என்ன, ரத்தத்தை வாங்கிக்கொண்டு, இனி வரப்போவதைச் சொல்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவளுக்கு அதில் கோபமில்லை. ஆனால் நிஜ ஜோசியக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆறு வருஷம் கழித்து ஆளைக் கூப்பிட்டு, அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்கிற தலையெழுத்து அவர்களுக்கு இல்லை.

இவளுக்கு அது இன்று வாய்த்தது.

எதிரே தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே நாற்காலியில்தான், தன்னுடைய மரபணு ஒன்றில் பிழை இருப்பதைக் கேட்டாள். பெற்ற தாயும் பெரியம்மாவும் புற்றுநோயில் போனவர்கள். பிழை பெரும்பாலும் ஆபத்தானது என்றது பரிசோதனைக்கூடம். தையல்காரம்மா யோசிக்கவேயில்லை. ஒரே மகளைக் கரையேற்றும்வரை உயிரோடு இருக்க வேண்டும் என்று, நோய் வருமுன்பே இரண்டு மார்பையும் சினைப்பையையும் எடுத்துக்கொண்டாள். பிறகு பஞ்சு வைத்த உள்ளாடை ஒன்றைத் தனக்காகத் தைத்தாள். அப்புறம் மற்றவர்களுக்கும் தைத்தாள். அறுவை என்றதும் நடுங்குகிற பெண்களை ஜோசியக்காரி அவளிடம்தான் அனுப்புவாள். "என்னைப் பாருங்க, நல்லாத்தானே இருக்கேன்" என்று அவள் ஒரு தடவை சொன்னால், டாக்டர் பத்துத் தடவை சொன்னதற்குச் சமம். இன்றுகூட அப்படி ஒரு பெண்ணை ஜோசியக்காரி வராந்தாவில் உட்காரவைத்திருந்தாள்.

இப்போது மகளின் முறை. அதே பிழை அவளுக்கும் இருந்தது. அடுத்த வாரம் அறுவை. தையல்காரம்மாவின் மடியில் இருந்த துணிப்பையில் மகளுக்காகத் தைத்த உள்ளாடைகள்.

"கொஞ்சம் தளர்வா வச்சிருக்கேன் மேடம். புண்ணு ஆறும்போது உறுத்தக் கூடாது பாருங்க."

ஜோசியக்காரி தண்ணீர் குடித்தாள். விஷயத்தை மட்டும் சொல்லுங்கள், மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது, வழக்கு கிழக்கு என்று ஆகிவிடும் என்று நிர்வாகத்திலிருந்து காலையிலேயே சொல்லியிருந்தார்கள். எதிர்த்துப் பேச அவளுக்குத் தெம்பில்லை. இத்தனை வருஷமாகக் கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்லிச் சொல்லி நாக்கே தேய்ந்துபோயிருந்தது.

"அக்கா, அந்தப் பிழையை மறுபடி ஆராய்ஞ்சிருக்காங்க. நோயே இல்லாத எத்தனையோ பேருக்கும் அது இருக்காம். அது ஒண்ணும் செய்யாதாம். குடும்பத்துல நோய் இருந்ததால, உங்க பொண்ணு வருஷா வருஷம் ஸ்கேன் பார்த்துக்கிட்டாப் போதும்."

"அப்ப ஆபரேஷன்?"

"வேண்டாம்."

"பொழச்சேன்!" என்று தையல்காரம்மா முகமெல்லாம் மலர்ந்தாள். பிறகு அந்த முகம் அப்படியே நின்றது.

"அப்ப எனக்கும்..."

"உங்களுக்கும் தேவைப்பட்டிருக்காதுக்கா."

பக்கத்து அறையில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை போல, திரும்பவும் கூப்பிட்டார்கள்.

"மேடம், ஒரு உதவி செய்யுங்க. எம் பொண்ணுக்கு அந்தப் பிழை வரவே இல்ல, அவ ரத்தத்தைப் பார்த்ததுலதான் தப்புன்னு சொல்லிடுங்க. எனக்கு இருந்தது நிஜம்னே இருக்கட்டும். எம் பொண்ணு என்னைப் பாவம்னு பார்த்தா என்னால தாங்க முடியாது."

சின்னப் பொய்தான். ஜோசியக்காரிக்கு ஆசையாகவே இருந்தது.

"நாளைக்கு அவளுக்கு ஒரு குழந்தை பொறந்து, அது ரத்தத்துலயும் இதே பிழை தெரிஞ்சா எல்லாம் வெளிய வந்துடும். அப்புறம் நம்ம ரெண்டு பேரையுமே அவ நம்ப மாட்டாக்கா."

தையல்காரம்மா கொஞ்ச நேரம் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த மகளைத் தானே கூப்பிட்டாள். தானே சொன்னாள், ஒன்றையும் விடாமல்.

மகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண் நேராக அம்மாவின் மார்பில் போய் நின்றது.

"அங்க பாக்காத. சிரிடி. நீயும் அழுதா எனக்கு இதுல என்னடி மிச்சம்?"

மகள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்கக்கா" என்று ஜோசியக்காரியின் வாயில் வந்தே விட்டது. வழக்காவது மண்ணாவது!

தையல்காரம்மா பையை எடுத்துக்கொண்டாள். கதவருகே போய்த் திரும்பினாள்.

"வெளிய ஒரு பொண்ணு என்னைப் பாக்க உக்காந்திருக்கே. அதுக்கு இருக்கறதாவது நிஜமா?"

"நிஜம்தான்க்கா. இன்னைக்குத் தெரிஞ்சவரைக்கும். நீங்க இன்னைக்கு அவளைப் பாக்க வேண்டாம், வீட்டுக்குப் போங்க."

தையல்காரம்மா வீட்டுக்குப் போகவில்லை. வராந்தாவில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஜோசியக்காரி கதவைச் சாத்தாமல் நின்றாள்.

"என்னைப் பாருங்க" என்ற குரல் கேட்டது.

வழக்கமான மீதி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தையல்காரம்மா பையிலிருந்து ஓர் உள்ளாடையை எடுத்து, அந்தப் பெண்ணின் தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.