உள்ளது உள்ளபடி

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றே முக்காலுக்கு நீதிமன்ற ஊழியர் கம்பெனி அலுவலகத்துக்கே வந்து உத்தரவை வாசித்து முடித்தார். அதன் பிறகு ஒன்பது வருடம் அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் நகம் வளரவில்லை. வழக்கு முடியும்வரை எல்லாம் உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. செல்போனுக்கு நொடியில் சார்ஜ் ஏற்றும் மின்னணுச் சில்லின் காப்புரிமை தன்னுடையது என்று எதிர்க் கம்பெனி தொடுத்த வழக்கு அது. கணக்காளருக்கு அப்போது விக்கல். ஒன்பது வருடமும் விக்கினார். அவர் மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு ஜலதோஷம். சில்லைக் கண்டுபிடித்த தங்கைக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. கம்பெனியை நடத்திய அண்ணனுக்கு அன்று காலைதான் டாக்டர் கணையத்தில் கட்டி என்று சொல்லி மூன்று மாதம் கெடு வைத்திருந்தார்.

வாய்தா மேல் வாய்தா போனது. தங்கையின் கணவருக்குக் காதோரம் நரைத்தது. புதிதாகக் குடிவந்தவர்கள் அவளை அவருடைய தங்கச்சியா என்று கேட்டார்கள். அவளோடு ஒரே மாதத்தில் உண்டான நாத்தனாரின் மகன் நாலாம் வகுப்புக்குப் போனான். அவள் பிள்ளை மட்டும் தினமும் அதே விலாவில் அதே உதை உதைத்தது. அண்ணனின் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காலையில் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். எதிர்க் கம்பெனி சலித்துப்போய் இரண்டு முறை சமரசத்துக்கு ஆள் அனுப்பியது. காப்புரிமை தங்கையின் பெயரில் இருந்தது, அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் வழக்கு முடிந்துவிடும். இரண்டு முறையும் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அண்ணன் வீட்டுக்குப் போனால் அண்ணி உட்காரவைத்துச் சாப்பாடு போடுவாள். வயிற்றைப் பார்க்கமாட்டாள்.

பத்தாம் வருடம் ஒரு பெரிய கம்பெனி இவர்களை விலைக்குக் கேட்டு வந்தது. வழக்கு நிலுவையில் இருந்தால் யாராக இருந்தாலும் விலையைக் குறைப்பார்கள். வந்தவர்கள் ஊழியர்களின் நகங்களைப் பார்த்துவிட்டு விலையை இரட்டிப்பாக்கினார்கள். வயதாகாத பொறியாளர்கள் வேறெங்கே கிடைப்பார்கள்? ஒரே நிபந்தனை, வழக்கு முடியவே கூடாது. முடித்துத்தான் விற்பீர்கள் என்றால் பாதி விலை. இரண்டு ஒப்பந்தங்களையும் மேஜையில் வைத்துவிட்டு அவர்களுடைய வழக்கறிஞர் தங்கையைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்படியே இருந்தா என்ன மேடம் நஷ்டம்? ரெண்டு மாசந்தானே பாக்கி. அப்புறமா பெத்துக்கலாம்."

"ஒன்பது வருஷமா ரெண்டு மாசந்தாங்க பாக்கி," என்றாள்.

கணக்காளர் விக்கினார். யாரும் சிரிக்கவில்லை. வழக்கறிஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதிர்க் கம்பெனியும் இன்று மாலைக்குள் பதில் கேட்டிருந்தது; இதற்குமேல் சமரசம் பேச வரமாட்டார்களாம். அண்ணன் ஜன்னல் பக்கம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை வழக்கமான இடத்தில் உதைத்தது. அவள் அங்கே கையை வைத்து, உதை அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு இரட்டிப்பு விலைக்கான ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பேனாவைத் திறந்தாள்.

அண்ணன் வந்து அந்த ஒப்பந்தத்தை அவள் கைக்கடியிலிருந்து உருவினார். மற்றதை அங்கே வைத்தார். அதில் அவருடைய கையெழுத்து ஏற்கெனவே இருந்தது, மை காய்ந்திருந்தது. இது பாதி விலைக்கானது என்று வழக்கறிஞர் நினைவூட்டினார். தெரியும் என்பதுபோல அண்ணன் தலையாட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பேனாவை மூடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"உனக்கு ரெண்டு மாசம், எனக்கு மூணு," என்றார். "ஒரு மாசமாவது நான் தூக்கி வச்சிருப்பேன்ல?"