பூஜ்யத்துக்குக் கீழே

திரையில் மைனஸ் நாற்பது என்று வந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயல் உரத்திலிருந்து கசிந்து வரும் நைட்ரேட் தண்ணீரில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இல்லாததற்கும் கீழே எப்படிப் போகும்? அதை அளக்கும் சென்சாரைத் துடைத்தாள். எதுவுமே கலக்காத டிஸ்டில்ட் வாட்டரில் புது பாட்டிலை உடைத்து ஊற்றி மறுபடி முக்கினாள். அதே மைனஸ் நாற்பதுதான்.

ஊருக்குக் குடிநீர் அனுப்பும் அந்தப் பம்ப் நிலையத்துக்குக் கருவிகளைச் சரிபார்க்க வந்திருந்தாள். மாதாமாதம் சென்சாரை நைட்ரேட்டே இல்லாத தண்ணீரில் முக்கி அதற்கு ஜீரோ வைக்க வேண்டிய ஆபரேட்டர் வேறு யாருமில்லை, சொந்தத் தங்கையின் புருஷன். நாற்காலியில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, போன மாசம் எந்தத் தண்ணில ஜீரோ வெச்சீங்க?”

“குழாய்த் தண்ணிலதான் அக்கா. டிஸ்டில்ட் வாட்டருக்கு ஸ்டோர் வரைக்கும் யாரு நடக்கிறது? பார்க்க ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?”

அட பாவி மனுஷா! குழாய்த் தண்ணீரில் இருந்த நைட்ரேட்டையே ‘ஒன்றுமில்லை’ என்று சென்சாருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து அது காட்டியதெல்லாம் நாற்பது குறைச்சல். இன்று தொட்டித் தண்ணீருக்கு இருபத்தைந்து காட்டிப் பச்சை விளக்கு எரிகிறது. உண்மையில் அது அறுபத்தைந்து. லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆகாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காமல் உடம்பு நீலம் பாரித்துவிடும்.

குழந்தையின் உதடு நீலமாயிருக்கிறது, குளிராயிருக்குமோ என்று தங்கை காலையில்தான் போனில் சொல்லியிருந்தாள்.

“பிள்ளைக்குப் பால் பவுடர் எந்தத் தண்ணில கரைக்கிறீங்க?”

“நம்ம தண்ணிதான். நானே செக் பண்ணின தண்ணி இருக்கும்போது கேன் தண்ணி எதுக்குன்னு நிறுத்திட்டேன். அதையும் அவ நல்லா கொதிக்க வெச்சுத்தான்...”

“கொதிக்க வெச்சா நைட்ரேட் போகாதுடா! இன்னும் கெட்டியாத்தான் ஆகும்!”

கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையை வாங்க, போங்க என்றே பேசியவள். அந்த மரியாதையெல்லாம் எந்த மூலைக்குப் போனதோ! தங்கைக்குப் போன் போட்டாள்.

“பாட்டிலக் கீழ வை. பிள்ளையத் தூக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடு. தண்ணில நைட்ரேட் ஜாஸ்தின்னு டாக்டர்கிட்ட சொல்லு. ஏன் எதுக்குன்னு அப்புறம் கேளு.”

அவன் முகம் வெளிறிப்போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ஓடியவன் அங்கேயே நின்று திரும்பினான்.

“அக்கா, மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாமா? என் வேலை போயிடும். கஷ்டப்படப்போறது உங்க தங்கச்சிதானே?”

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. பெற்ற பிள்ளை அங்கே என்ன பாடு படுகிறதோ, இவனுக்கு வேலைக் கவலை! ஊரில் இன்னும் எத்தனை வீட்டில் இந்தத் தண்ணீரில் பால் கலக்கிக்கொண்டிருக்கிறார்களோ!

“வாய மூடு! மெஷின் நல்லாத்தான் இருக்கு.”

அவன் கண்முன்னாலேயே குடிநீர் வாரிய அதிகாரியைப் போனில் கூப்பிட்டாள். கைக்குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீர் கூடாது என்று ஊர் முழுக்க உடனே அறிவிக்கச் சொன்னாள்.

“எந்த மடையன் பார்த்த வேலைம்மா இது?” என்று அதிகாரி கத்தினார்.

வாசலில் நின்றவன் வேண்டாம், வேண்டாம் என்று கைகூப்பினான். கஷ்டப்படப்போவது தங்கைதான் என்று அவளுக்கும் தெரியும்.

“நம்ம ஆபரேட்டர்தான் சார்,” என்றாள். “என் தங்கச்சி புருஷன்.”