வழிமொழிபவர் உண்டா?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு ரப்பர் குழாயிலிருந்து. சாலைக்குக் குறுக்கே கறுப்பாகப் படுத்திருக்குமே, வண்டி ஏறினால் 'டப்' என்று ஒன்று எண்ணிக்கொள்ளுமே, அதேதான். எங்கள் கவுண்டியின் (அமெரிக்க மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) சாலைக் கண்காணிப்பாளர் லைல் அதை வில்லோ ஓடைப் பாலத்தில் ஒரு மாதம் போட்டுவைத்து, கணக்கை வாரியக் கூட்டத்தில் வாசித்தார். அப்போது ஓர் ஆளின் காது சிவந்தது. தக்காளியெல்லாம் தோற்றது. தீயணைப்பு வண்டியை அதன் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் வெளுத்துப்போனதாகத் தெரிந்திருக்கும்.

(பெருக்குகிறேன்தான். அந்த வாரியத்தில் குறிப்பெழுதுபவளாக இருந்த காலமெல்லாம் நடந்ததை மட்டும் எழுதிக் கை மரத்துப்போயிற்று. இப்போது ஓய்வு பெற்றாயிற்று. யார் கேட்பது?)

2

தொடங்கிப் பார்த்தவை:

"பழைய பாலம் பெருமூச்சு விட்டது..." பாலம் எங்கே பெருமூச்சு விடும்? துருதான் கொட்டும்.

"காதல் என்பது" — ஐயையோ.

"செவ்வாய்க்கிழமை காலை ஐந்து உறுப்பினர்களும் கொடிக்கு வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். முதலில் குப்பைக்கிடங்கின் கதவு. அடுத்து முள்செடி ஒழிப்பு. அதற்கடுத்து..." இது தேவலை. வாரியம் என்றால் இதுதான். நெப்ராஸ்காவில் வானம் இடிந்து விழுந்தாலும் முள்செடியை முடித்துவிட்டுத்தான் வானத்துக்கு வருவோம்.

ஒரு விதியை மட்டும் நினைவில் வையுங்கள். யாராவது ஒன்றை முன்மொழிந்தால் இன்னொருவர் "வழிமொழியறேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த யோசனை அங்கேயே செத்துப்போகும். ஓட்டுகூடக் கிடையாது.

3

இனி ஆட்கள். ஆர்லிஸ் குசெரா, உறுப்பினர், கணவரை இழந்தவள், என் தோழி. ஓடைக்கு மேற்கே வீடு. அவள் கொண்டுவரும் பாதாமிப் பழம் வைத்த கொலாச்சி பன்னைத் தின்ன, பக்கத்துக் கவுண்டிக்காரர்கள் எங்கள் ஊருக்கு வரி கட்டத் தயார் என்றார்கள். (இருவர்தான். அதில் ஒருவர் அவள் தம்பி.)

வெர்லின் ஸ்டாட்லர், உறுப்பினர், கல்யாணமே ஆகாதவர். ஓடைக்குக் கிழக்கே வீடு. கண்ணில் பிரச்சினை. நெடுஞ்சாலையில் ஓட்டக் கூடாது, மண்சாலையோடு நிறுத்திக்கொள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு பாலம் கடந்து ஆர்லிஸ் வீட்டுக்கு முட்டை வாங்கப் போவார். முட்டை ஒரு நிமிட வேலை. காபிதான் நேரமாகும். அவர் வீட்டிலேயே முந்நூறு கோழிகள்.

(முப்பது.)

கூட்டத்தில் அவர் பேசுவது ஒரே ஒரு வார்த்தை. ஆர்லிஸ் எதை முன்மொழிந்தாலும், அது கழிப்பறைக் குழாயானாலும், அவள் வாய் மூடுவதற்குள் "வழிமொழியறேன்." தேவாலயத்தில் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்கிறவர்கள்கூட அந்தக் குரலில் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆர்லிஸின் மனசில் என்ன இருந்தது? இந்த இடத்தில் எனக்கே நிச்சயமில்லை. அவளுக்குள் போய் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் கொலாச்சி செய்முறைதான் வந்தது.

4

லைல் வாசித்த அன்று:

"பாலத்துக்கு வயசாயிடுச்சு. சரி பண்ணலாம், இல்ல ரெண்டு முனையிலயும் கட்டையப் போட்டு மூடிடலாம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ வண்டி போகுது."

"ரெண்டு வண்டியா?" என்றார் தலைவர் டுவெய்ன்.

"ஒரே வண்டி. காலைல மேக்கால போகுது, அப்புறம் கிழக்கால திரும்புது. ஞாயித்துக்கிழம மட்டும் திரும்ப ரொம்ப நேரமாகுது."

"யாரு வண்டின்னு உன் குழாய் சொல்லாதா?"

"குழாய் சொல்லாதுங்க. ஊரே சொல்லும்."

காது சிவந்தது இங்கேதான்.

"அந்தக் காசுக்கு ரெண்டு ரோட்டுக்கு ஜல்லி போடலாமே," என்றார் டுவெய்ன். மற்ற இரண்டு உறுப்பினர்களும் தலையாட்டினார்கள். ஜல்லி விழப்போவது அவர்கள் வீட்டுப் பக்கம்.

ஆர்லிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். "பாலத்தச் சரி பண்ணணும்னு முன்மொழியறேன்."

"கேக்கணும்மா, விதி. அந்தப் பாலத்துல உனக்குச் சொந்த அக்கறை ஏதாச்சும் உண்டா?"

"நான் அதுல போறதே இல்ல, டுவெய்ன். கடை, சர்ச்சு, டாக்டரு எல்லாம் என் பக்கந்தான். அந்தப் பக்கம் எனக்கு என்ன இருக்கு?"

(இதை வெர்லினைப் பார்க்காமல் சொன்னாள் என்று எழுதினேன். பார்த்தபடி சொன்னாள் என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் வலிக்கிறது.)

"சரி. தலைவர் வழிமொழியக் கூடாது. ஆனா ஓட்டுக்கு வந்தா என் ஓட்டு உனக்குத்தான்மா, பாவம் கொலாச்சியெல்லாம் கொண்டு வர்ற. வழிமொழிபவர் உண்டா?"

வெர்லின் வாயைத் திறந்தார்.

"இரு, இரு. உன்னையும் கேக்கணும். உனக்கு அந்தப் பாலத்துல சொந்த அக்கறை உண்டா? உண்டுன்னா இந்த விஷயத்துல நீ வழிமொழியக் கூடாது, ஓட்டும் போடக் கூடாது."

திறந்த வாய் திறந்தபடி நின்றது. 'இல்லை' என்றால் பாலம் பிழைக்கும். ஆனால் அந்தச் சொல்லை ஆர்லிஸ் கேட்டுக்கொண்டிருப்பாள். 'உண்டு' என்றால் வழிமொழிய ஆளில்லை, பாலம் போயிற்று. பாலம் போனால் மிச்சம் நெடுஞ்சாலை ஒன்றுதான், காபியும் போயிற்று.

"காபி குடிச்சுட்டு வருவோம்," என்றார் டுவெய்ன். நல்ல மனுஷன்.

5

காபிப் பாத்திரத்தின் அருகே அவர்கள் பேசியதை ஒட்டுக்கேட்டேன். கோப்பை கழுவுவது என் வேலை, காது என்னுடையது.

"என்ன வெர்லின், இன்னிக்கு நாக்கு ஒட்டிக்கிச்சா?"

"நீ ஏன் ஆர்லிஸ் இதப் போய் முன்மொழிஞ்ச?"

"பாலம் பழுதாயிருக்கு."

"அவ்ளோதானா?"

"வருஷக்கணக்கா நான் சொன்னதுக்கெல்லாம் வழிமொழிஞ்சே. நீயா ஒண்ணு முன்மொழிஞ்சு நான் பாத்ததே இல்லையே."

அவர் கொலாச்சியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பாதாமி மணிக்கட்டு வரை வழிந்தது. (இதை நான் பெருக்கவில்லை.)

6

முடிவுகள்.

அ. "இல்ல. ஒண்ணும் இல்ல. வழிமொழியறேன்." பாலம் புதுசாக மின்னுகிறது. மறுநாள் காலை ஆர்லிஸ் கதவைத் திறந்து, "வா. அக்கறை ஒண்ணும் இல்லாதவருக்கு எத்தன முட்டை வேணும்?" என்கிறாள். அதற்கடுத்த நாள் பிக்கப் பாலத்தின் நடுவில் நிற்கிறது. அப்படியே பின்பக்கமாகவே வீட்டுக்குத் திரும்புகிறது... போதும். இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

ஆ. "இருக்கு, டுவெய்ன். நிறைய இருக்கு." கூரை பறக்கிறது, கவுண்டியின் மாடுகளெல்லாம் ஒரே குரலில் கத்துகின்றன. யோசனை சாகிறது. பாலத்தில் கான்கிரீட் கட்டை. வெர்லின் தினமும் காலையில் இரண்டு கோப்பை எடுத்துவைத்துவிட்டு, நெடுஞ்சாலைப் பக்கமிருந்து கார் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சுற்றி வர ஆர்லிஸால் முடியும், அவள் கண் நல்ல கண். வருவாளா? 'அந்தப் பக்கம் எனக்கு என்ன இருக்கு' என்றவள்.

இ. நான் எழுந்து, "வழிமொழியறேன்!" என்று கத்துகிறேன். எழுதுகிறவள் நான்தானே? டுவெய்ன் என் கதைக்குள்ளேயே திரும்பி, "நீ குறிப்பெழுதறவ. உனக்கு அந்த உரிமை கிடையாது. உக்காரும்மா," என்கிறார். உட்கார்ந்துவிட்டேன்.

7

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். நடந்ததை எழுதினால் அது கூட்டக் குறிப்பு.

எல்லோரும் மறுபடி உட்கார்ந்தாயிற்று. "இந்தக் கோப்பை முடியட்டும், கேக்கறேன்," என்கிறார் டுவெய்ன். எழுதுகிறவளாக என்னால் ஆனது ஒன்றுதான். கோப்பை பாதியானதும் போய் நிரப்பிவிடுகிறேன். இந்த வாக்கியத்தில் ஒரு முறை. இதோ, இன்னொரு முறை. வெர்லின் ஆர்லிஸைப் பார்க்கிறார். ஆர்லிஸ் ஜன்னலைப் பார்க்கிறாள். ஜன்னல் கிழக்குப் பக்கம் இருக்கிறது.

பாத்திரத்தில் காபி தீர்ந்துவிட்டது. டுவெய்ன் உதட்டைத் துடைத்துக்கொள்கிறார்.

"வழிமொழிபவர் உண்டா?"

இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். நீங்களே எழுந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன், பாலமும் பிழைக்கும், வெர்லினும் வாய் திறக்க வேண்டாம். ஒரே ஒரு கேள்விதான், விதி, எல்லோரையும் கேட்டாக வேண்டும்: அந்தப் பாலத்தில் உங்களுக்குச் சொந்த அக்கறை ஏதாச்சும் உண்டா?